ஆடு தின்னாத இலை

விளாத்திகுளத்தைத் தாண்டி கிழக்கே கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் பங்குனி மாதம் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் மிளகாய்க் களம்தான். நெடி மூக்கில் ஏறும். தும்மாமல் அந்த நாலு கிலோமீட்டரைக் கடந்தவர் யாரும் இருக்க முடியாது. அந்தச் சிவப்புக்கு நடுவில் ஒரு களத்தில் மட்டும் மங்கிய பச்சையாக ஒரு குவியல் கிடந்தது. முக்காடு போட்ட நான்கு பெண்கள் காய்ந்த செடிக் கட்டுகளைக் கம்பால் தட்டி இலையை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். காற்று அடிக்கும்போதெல்லாம் கசப்பான ஒரு வாடை வந்தது, வேப்பிலையும் காய்ந்த வைக்கோலும் கலந்த மாதிரி.

களத்துக்குக் காவல் இல்லை. வேலியும் இல்லை. பக்கத்திலேயே இரண்டு வெள்ளாடுகள் சீமைக் கருவேல நெற்றைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. ஆள் அசந்தால் போஸ்டரைக்கூட விடாத ஜாதி. அவை இந்தக் குவியலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆடாதொடை என்றும் ஆடுதின்னாப்பாளை என்றும் வேறு செடிகளுக்குப் பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயருக்கு இதற்கும் நல்ல உரிமை உண்டு.

செடியின் பெயர் நித்தியகல்யாணி. வருஷம் முழுக்கப் பூத்துக்கொண்டே இருப்பதால் அப்படி ஒரு பெயர். சில ஊர்களில் பட்டிப்பூ. நாங்கள் சிறுவயதில் சொன்னது சுடுகாட்டுப்பூ. வெள்ளையும் ரோஸுமாக ஐந்து இதழ். யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில்தான் நன்றாக வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு வந்த அன்று, வாசலிலேயே வைத்து அப்பத்தா கையைத் தட்டிவிட்டது நினைவிருக்கிறது. பிணத்துக்குப் போடுகிற பூவை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று கேட்டாள். மலையாளத்தில் இதன் பெயரே சவக்கோட்டப்பச்ச. தாவரவியல்காரர்கள் சூட்டிய பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். கேதராந்தஸ் என்றால் கிரேக்கத்தில் தூய மலர் என்று பொருள். பெயர் வைக்கிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம்.

அப்பத்தா தட்டிவிட்ட அந்தப் பூச்செடியிலிருந்து வந்த மருந்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை அறுபது ஆண்டுகளாகப் பிழைக்கவைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த மருந்தை அதன் கடைசி வடிவத்தில் பார்க்க வேண்டுமென்றால் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குப் போக வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு சின்ன மருந்துக் குப்பி. உள்ளே தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவம், அதில் மருந்து 1 மில்லிகிராம். ஒரு கடுகைவிடக் குறைந்த எடை. குழந்தையின் உயரம், எடை இரண்டையும் வைத்து உடம்பின் பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று அளவு போடுகிறார்கள். உடம்பு எவ்வளவு பெரிதானாலும் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. நர்ஸ் அதைச் சின்ன சலைன் பையில் கலந்து, பையின் மேல் ஒட்டிய லேபிளை இன்னொரு நர்ஸிடம் காட்டி, இரண்டு பேரும் உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகே சொட்ட விடுகிறார்கள். சில நிமிஷத்தில் பை காலியாகிவிடும். வாரம் ஒன்று வீதம் முதல் மாதத்தில் நான்கு முறை. வார்டில் அம்மாக்கள்கூட 'வின்கிரிஸ்டின்' என்று தடுமாறாமல் சொல்கிறார்கள். களத்தில் கம்பால் தட்டிய அந்தப் பெண்களுக்கு அந்தப் பெயர் தெரியாது.

சரி, களத்துக்கும் குப்பிக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? இதே செடியில் இருக்கும் இன்னொரு மருந்தான வின்பிளாஸ்டினில் 1 கிராம் பிரித்தெடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதாவது 1 மில்லிகிராமுக்கு அரைக் கிலோ. வின்கிரிஸ்டின் அதைவிடவும் அரிது. நித்தியகல்யாணியைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லாமே, நல்லதும் கெட்டதும், இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

இருபத்தைந்து இலைகள்

நம் பாட்டி வைத்தியத்தில் புற்றுநோய்க்கு இந்தச் செடியைக் கொடுத்தார்களா? இல்லை. கொடுத்ததெல்லாம் சர்க்கரைக்கு. நம் ஊரில் மட்டுமல்ல, ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் அப்படித்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம் மண்ணின் செடியே கிடையாது. மடகாஸ்கரிலிருந்து கப்பலேறி, அழகுச் செடியாக வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. இந்த இனத்தில் எட்டு வகை. ஏழு மடகாஸ்கருக்குச் சொந்தம். மிச்சமுள்ள ஒன்று மட்டும் நம்முடையது: வயல் வரப்பில் களையாக வளரும் மிளகாய்ப்பூண்டு. வந்த செடியைப் பாரம்பரிய மூலிகை என்று கொண்டாடுகிறோம். சொந்தச் செடியைக் களை என்று பிடுங்கிப் போடுகிறோம்.

1952இல் ஜமைக்காவிலிருந்த ஒரு டாக்டர் கனடாவுக்கு ஒரு உறை அனுப்பினார். உள்ளே நித்தியகல்யாணியின் 25 இலைகள். இன்சுலின் கிடைக்காத தன் நோயாளிகள் இதைத்தான் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள், என்னவென்று பாருங்கள் என்பது செய்தி. உறை போய்ச் சேர்ந்தது டாக்டர் கிளார்க் நோபிள் என்பவரிடம். அவர் சாதாரண ஆள் இல்லை. 1921இல் டொராண்டோவில் பிரெடரிக் பான்டிங் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்தபோது, உதவிக்கு முதலில் யார் போவது என்று இரண்டு மாணவர்கள் காசு சுண்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். சார்லஸ் பெஸ்ட் ஜெயித்தார். பான்டிங்-பெஸ்ட் என்று உலகம் இன்றைக்கும் சொல்கிறது. தோற்றவர் கிளார்க் நோபிள். முப்பது வருஷம் கழித்து சர்க்கரை நோய்க்கு இன்னொரு மருந்து தபாலில் வந்து கதவைத் தட்டியபோது, வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த அவர் அந்த இலைகளைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் தள்ளிவிட்டார்.

ராபர்ட் இருந்தது மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில். இலைச் சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசி வழியாகக் கொடுத்தார். சர்க்கரை அப்போதும் அசையவில்லை. ஆனால் எலிகள் செத்துப்போயின. இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால், இது விஷம், வேலைக்கு ஆகாது என்று நோட்டை மூடியிருப்பார். நோபிள் செத்த எலிகளை அறுத்துப் பார்த்தார். உடம்பு முழுக்கக் கிருமித் தொற்று. சாதாரணமாக எலியை ஒன்றும் செய்யாத கிருமி. எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளையணுக்கள் ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லை. அவை உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை அடங்கிப்போயிருந்தது. வெள்ளையணுக்களை இப்படி அடித்து வீழ்த்துகிற ஒன்று, வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும்?

1954இல் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். சாற்றிலிருந்து அந்தக் குறிப்பிட்ட பொருளைத் தனியாகப் பிரிக்கும் வேலை அவருடையது. 1958இல் படிகமாகக் கையில் கிடைத்தது. வின்காலூகோபிளாஸ்டின் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சுருக்கி வின்பிளாஸ்டின். அந்த வருஷமே நியூயார்க்கில் ஒரு மாநாட்டில், நிகழ்ச்சி நிரலின் வாலில் கிடைத்த இடத்தில் இதைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எலி லில்லி கம்பெனியின் ஆட்களும் உண்டு. அவர்களும் அதே செடியை, அதே சர்க்கரை நோய்க் கதையைக் கேட்டுவிட்டு எடுத்து, ரத்தப் புற்றுநோய் வந்த சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எலிகள் கூடுதல் நாள் பிழைப்பதைக் கண்டு அசந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். லில்லியின் கார்டன் ஸ்வபோடா அடுத்து வின்கிரிஸ்டினைப் பிரித்தார். 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

நாட்டு வைத்தியம் கதவைக் காட்டியது உண்மை. ஆனால் அது காட்டிய அறை வேறு, கிடைத்த புதையல் இருந்த அறை வேறு. 'நம் முன்னோர்கள் அப்போதே சொன்னார்கள்' என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கதை வசதிப்படாது. நாட்டு வைத்தியமெல்லாம் மூடநம்பிக்கை என்கிறவர்களுக்கும் வசதிப்படாது. கஷாயம் குடித்த ஜமைக்கா நோயாளிகள் இல்லாவிட்டால் அந்த 25 இலைகள் கனடாவுக்குப் போயிருக்கவே போயிருக்காது.

1962இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை திறந்தபோது, குழந்தைகளுக்கு அதிகம் வரும் 'ஏ.எல்.எல்.' வகை ரத்தப் புற்றுநோயில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். சாகப்போகிற குழந்தையை மருந்து கொடுத்து வதைப்பது பாவம் என்றே அன்றைய டாக்டர்கள் பலர் நினைத்தார்கள். அங்கே டொனால்டு பின்கெல் என்பவரும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் பிரையும் எமில் பிரைரிக்கும், ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கூட்டணியில் வின்கிரிஸ்டினுக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. மற்ற மருந்துகளில் பல எலும்பு மஜ்ஜையைக் கடுமையாக அடிப்பவை. இது அந்த அளவுக்கு அடிப்பதில்லை. அதனால் மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்தாலும் குழந்தை தாங்கியது. 60-களின் கடைசியில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு. நம் ஊரில் 80-களில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் மும்பை டாடா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதிலும் வின்கிரிஸ்டின் முக்கியமான ஆள்.

நிணநீர்க் கட்டியில் வரும் ஹாட்ஜ்கின் நோய்க்கு வின்பிளாஸ்டின் அதே மாதிரிக் கைகொடுத்தது. கழுத்தில் நெல்லிக்காய் மாதிரிக் கட்டியோடு வரும் இளைஞர்களில் பெரும்பாலானோர் இன்று குணமாகி, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள்.

தேர் வடம் அறுந்தால்

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், முதலில் தன் மரபுப் பொருளை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பிறகு அந்த இரண்டு செட்டையும் இரண்டு பக்கமாக இழுத்துப் பிரிக்க வேண்டும். இழுப்பதற்கு வடம் வேண்டுமே? டியூபுலின் என்ற புரதத் துண்டுகளைச் செங்கல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே பொள்ளலான நுண்குழல்களைச் செல் கட்டிக்கொள்கிறது. இதுதான் வடம். தேர் நிலைக்கு வந்ததும் வடத்தைச் சுருட்டி வைக்கிற மாதிரி, வேலை முடிந்ததும் அந்தக் குழல்கள் பிரிந்து மறுபடி துண்டுகளாகிவிடும்.

வின்கிரிஸ்டின் போய் அந்த டியூபுலின் துண்டில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் துண்டுகள் ஒழுங்காக அடுக்குவதில்லை. வடம் உருவாகவில்லை. தேர் பாதி வீதியில் நின்றுவிட்டது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் திரும்ப முடியாது. பிரியவும் முடியாமல் பழையபடி இருக்கவும் முடியாமல் அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. புற்றுநோய்ச் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. அதனால் அவற்றுக்குத்தான் அடி அதிகம்.

ஆனால் வடம் வேறு இடத்திலும் இருக்கிறது. நம் நரம்பு செல்கள் பிரிவதில்லை. என்றாலும் முதுகுத்தண்டிலிருந்து கால் கட்டைவிரல் வரை நீளும் நரம்புக்குள், சாமான்களை ஏற்றி இறக்க அதே நுண்குழல்கள்தான் தண்டவாளம். மருந்து அதையும் குலைக்கிறது. அதனால்தான் வின்கிரிஸ்டின் ஏறும் குழந்தைகளுக்கு விரல் நுனி மரத்துப்போகிறது, செருப்பு காலிலிருந்து தானாகக் கழன்று விழுகிறது, மாடிப்படி ஏறும்போது பாதம் தட்டுகிறது. குடலின் நரம்பும் தப்பாது. மலச்சிக்கல் அங்கே தினசரிப் பேச்சு. பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். நோயைக் கொல்கிற அதே கைதான் நரம்பையும் கிள்ளுகிறது.

வார்டில் இரண்டு நர்ஸுகள் லேபிளை உரக்கப் படித்ததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஏ.எல்.எல். குழந்தைகளுக்குச் சில மருந்துகளை முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போடுவதுண்டு. அதே நாளில் வின்கிரிஸ்டினும் இருக்கும். அது மாறிப்போய் முதுகில் ஏறிவிட்டால் உயிர் தப்புவது மிக மிக அரிது. 1968 முதல் உலகில் பல நாடுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை இது நடந்திருக்கிறது. அதன் பிறகுதான் 2007இல் உலக சுகாதார நிறுவனம், சிரிஞ்சில் எடுக்காதீர்கள், சின்ன சலைன் பையில் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று எச்சரித்தது. பையை முதுகில் ஏற்ற யாருக்கும் தோன்றாது இல்லையா? எவ்வளவு எளிய யோசனை! அதற்குக் கொடுத்த விலைதான் பெரிது.

இலைக்குள் ஒரு சுவர்

இவ்வளவு விஷமுள்ள ஒன்றைச் செடி எதற்காக உருவாக்குகிறது? நமக்காக இல்லை. பூச்சிக்காகவும், களத்தோரம் நின்ற அந்த ஆடுகளுக்காகவும். நித்தியகல்யாணியில் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்கள் நூற்று முப்பதுக்கும் குறையாமல் இருக்கின்றன. வின்பிளாஸ்டின் உண்மையில் இரண்டு பொருள்கள் ஒட்டிய ஜோடி. ஒன்று கேதராந்தின், இன்னொன்று வின்டோலின். இந்த இரண்டும் இலையில் தாராளமாக இருக்கின்றன. அப்படியிருக்க ஜோடி சேர்ந்தது மட்டும் அரைக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று ஏன் இவ்வளவு அபூர்வம்?

2010இல் கனடாவின் புரோக் பல்கலைக்கழகத்தில் வின்சென்சோ டி லூகாவின் குழு இதற்குப் பதில் கண்டுபிடித்தது. இலையைக் குளோரோபார்மில் ஒரு முக்கு முக்கி எடுத்தார்கள். இலையை அரைக்கவில்லை, மேல்தோலின் மெழுகு மட்டும் கரைந்து வந்தது. கேதராந்தின் முழுக்க அந்த மெழுகில் இருந்தது. வின்டோலின் முழுக்க இலைக்குள்ளேயே தங்கிவிட்டது. செடி ஒன்றை வெளித்திண்ணையிலும் மற்றொன்றை உள்ளறையிலும் வைத்து நடுவே சுவர் எழுப்பியிருக்கிறது. இரண்டும் தாராளமாகச் சந்திக்க வழியில்லை. இலை சிதையும்போதுதான் சந்திக்கும்.

இந்த ரகசியம் தெரிவதற்கு முன்பே, 70-களில், பிரான்ஸின் பியர் பொத்தியே ஆய்வகத்தில் இரண்டையும் தனித்தனியே எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தார். கடைசியில் வெற்றி. இன்று மருந்து பெருமளவில் இந்த வழியில்தான் வருகிறது: பாதிப் பொருளைச் செடியிடம் வாங்கி, மீதி வேலையைத் தொழிற்சாலையில் முடிக்கிறார்கள். பொத்தியேயின் குழுவிலிருந்தே வினோரெல்பின் என்ற இன்னொரு மருந்தும் பிறந்தது. நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களுக்கு அது பயன்படுகிறது.

ஆக, வீட்டுத் தொட்டியில் வளரும் நித்தியகல்யாணி இலையைப் பறித்துக் கஷாயம் வைத்தால் என்ன ஆகும்? வின்கிரிஸ்டின் வாய் வழியாகக் கொடுத்தால் ஒழுங்காக உடம்பில் சேராது. அதனால்தான் ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். கஷாயத்தில் அது எவ்வளவு இருக்கும் என்பது செடி, மண், வெயில், பறித்த நாள் எல்லாவற்றையும் பொறுத்தது. மீதி நூற்றுச் சொச்சம் ஆல்கலாய்டுகளும் கூடவே வரும். மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கணக்குப் பார்க்கிற மருந்து இது. அதை ஒரு கைப்பிடி என்று அளப்பதற்கு எனக்குத் தைரியம் வராது. கீமோ நடக்கும்போது 'பக்கத்தில் இதையும் குடிக்கட்டுமே' என்று உறவினர் கொண்டுவரும் எந்தக் கஷாயத்தையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மருந்தைக் கல்லீரல் வெளியேற்றும் வேகத்தை அது கூட்டலாம், குறைக்கலாம். இரண்டுமே ஆபத்து.

தட்டில் செத்த செல்

மாதம் ஒரு மூலிகையாவது 'புற்றுநோயைக் கொல்கிறது' என்று செய்தியில் வருகிறது. சீதாப்பழ இலை, முள்சீத்தா, கருஞ்சீரகம், வேம்பு, மஞ்சள். பெரும்பாலும் பொய்ச்செய்தி இல்லை. ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல் மேல் இலைச் சாற்றை ஊற்றியிருப்பார்கள். செல் செத்திருக்கும். ஆனால் அந்தத் தட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் செத்திருக்கும். கேள்வி வேறு: நல்ல செல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்கிறதா, விழுங்கினால் ரத்தத்தில் போதிய அளவு சேர்கிறதா, எலியில் கட்டி சுருங்கியதா, மனிதனில்? நித்தியகல்யாணி இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஏறி வந்தது.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். குர்குமின் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில். தட்டில் அது கொல்லாத புற்றுநோயே இல்லை. 2017இல் ஒரு அமெரிக்க வேதியியல் இதழ் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அலசியது. 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும், முறையாகக் கண்மறைத்து நடத்திய ஆய்வு ஒன்றில்கூடக் குர்குமின் தெளிவாக ஜெயிக்கவில்லை என்பது அதன் முடிவு. காரணமும் சொன்னது. குடலில் உறிஞ்சப்படுவது சொற்பம். உடம்பில் சீக்கிரம் சிதைகிறது. அதைவிட, ஆய்வகச் சோதனைகளையே ஏமாற்றி வேலை செய்வது மாதிரிக் காட்டக்கூடிய குணம் அந்த மூலக்கூறுக்கு உண்டு. குழம்பில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். என் வீட்டிலும் தாராளமாகவே போடுகிறோம்.

செடிகளைத் தேடுவதில் அர்த்தமில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளைச் சலித்துப் பார்த்தது. அந்தச் சல்லடையில் நின்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பசிபிக் யூ மரப்பட்டையின் டாக்சால் அதில் ஒன்று. வின்கிரிஸ்டின் வடத்தைக் கட்டவிடாது என்றால், டாக்சால் கட்டிய வடத்தை அவிழ்க்கவிடாது. இரண்டு வழியிலும் தேர் நின்றுவிடும். இன்னொன்று சீன மரம் ஒன்றில் கிடைத்த கேம்ப்டோதெசின். அது நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஒரு சிறு மரத்திலும் இருப்பது தெரிந்ததும், அந்த மரத்தை வெட்டியே குறைத்துவிட்டார்கள்.

சாக்கு மூட்டையும் ஈஸ்ட் தொட்டியும்

மடகாஸ்கருக்கு இந்தச் செடியால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. மருந்தின் லாபத்தில் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. தாய்நாட்டை ஏமாற்றினார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கவும் முடியவில்லை. இலை ஜமைக்காவுடையது, கஷாயக் கதை பாதி உலகத்துடையது. ஆனால் யாருக்குமே ஒன்றும் தரத் தேவையில்லை என்று ஆனதுதான் உறுத்துகிறது. 1992 பல்லுயிர் உடன்படிக்கையும் இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும் வந்தபோது, விவாதங்களில் இந்தச் செடி அடிக்கடி அடிபட்டது.

இப்போது அடுத்த திருப்பம். 2018இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் சாரா ஓ'கானரின் குழு, செடி இந்தப் பொருளைத் தயாரிக்கும் சங்கிலியில் காணாமலிருந்த கடைசிக் கண்ணிகளைக் கண்டுபிடித்தது. 2022இல் டென்மார்க்கிலும் கலிபோர்னியாவிலும் இருந்த ஜே கீஸ்லிங்கின் சகாக்கள், ரொட்டியை உப்பவைக்கிற ஈஸ்ட்டுக்குள் அந்தச் சங்கிலி முழுவதையும் புகுத்தினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகள். ஈஸ்ட் வின்டோலினையும் கேதராந்தினையும் கக்கியது. கிடைத்த அளவு இப்போதைக்குச் சொற்பம். ஆனால் சொற்பமாகத் தொடங்கி ஒருநாள் தொட்டி தொட்டியாக வந்த மருந்துகள் உண்டு.

அது வந்தால் நல்லதா? குழந்தைக்கு நல்லது. 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்துவந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று விலகியது. மற்றொன்றால் சமாளிக்க முடியவில்லை. உலகின் பணக்கார நாட்டில், எந்தக் குழந்தைக்கு முதலில் கொடுப்பது என்று டாக்டர்கள் உட்கார்ந்து பேச வேண்டிவந்தது. காரணம், இலைப் பற்றாக்குறை அல்ல. மருந்து மலிவு. மலிவான மருந்தில் லாபம் குறைவு. அதைத் தயாரிக்கிறவர்களும் குறைவு. தொட்டி வந்தாலும் இந்தக் கணக்கு மாறுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஏழை நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பிழைப்பவர்கள் இன்றும் 30 சதவீதத்துக்குக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல். இரண்டு இடத்திலும் தேவைப்படுவது அதே குப்பிதான்.

விளாத்திகுளம் பக்கத்து அந்த இலைக் களத்தின் சொந்தக்காரரிடம் ஈஸ்ட் விஷயத்தைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, சொன்னேன். கொஞ்ச நேரம் மிளகாய்க் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தச் செடி வானம் பார்த்த பூமியின் பயிர். புரட்டாசி கடைசியில் மணலோடு கலந்து தூவிவிட்டால் மழை பார்த்துக்கொள்ளும். மழை ஏமாற்றினாலும் மிளகாய் மாதிரிக் கருகிவிடாது. அவுரி இலை வாங்குகிற அதே வியாபாரிதான் இதையும் வாங்கித் தூத்துக்குடிக்கு லாரி ஏற்றுகிறார். விலை போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் வேறொன்று. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. புற்றுநோய்க்கு மருந்து என்பது மட்டும் தெரியும். எந்த இடத்துக்குப் போகிறது, எந்தக் குழந்தைக்கு ஏறுகிறது என்பது தெரியாது.

இலை மூட்டை போன பிறகும் காட்டில் வேர் கிடக்கும். அதை உழுது எடுத்து, மண் உதறி, தனியாகக் காயவைத்து விற்க வேண்டும். வேரில் இருப்பது அஜ்மலிசின். ரத்த அழுத்தத்துக்குப் போகும் சரக்கு. சில வருஷம் இலையைவிட வேர்தான் கையைக் கடிக்காமல் காப்பாற்றியிருக்கிறது என்றார்.

கிளம்பும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் தட்டினார். கறுப்பாக, எள்ளைவிடச் சிறிய விதைகள். அடுத்த புரட்டாசிக்குப் போடுவதா வேண்டாமா என்பதை வியாபாரியின் போன்தான் முடிவு செய்ய வேண்டும். போன் வராவிட்டாலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு செண்டு நிலத்திலாவது தூவிவிடுவாராம். விதை அற்றுப்போகக் கூடாது இல்லையா என்று சொல்லிவிட்டு, என் உள்ளங்கையில் இருந்ததை ஒன்றுகூடச் சிந்தாமல் மறுபடி பாட்டிலுக்குள் தட்டிக்கொண்டார்.